மேற்கு மாம்பலத்தில் இடியில்லா மின்னல்

அக்கா விற்ற மயில்கழுத்துப் புடவை ஒன்று ஓசூர் வரை போய்விட்டு அதே பெட்டியில் திரும்பி வந்தது. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். "போட்டோல நீலமா இருந்துச்சு, கையில பச்சையா இருக்கு. எங்கள பாத்தா எப்படி இருக்கு?"

புடவை மேல் தப்பில்லை. மயில்கழுத்து என்றாலே பாவில், அதாவது நீளவாக்கு நூலில், ஒரு நிறம், ஊடையில், குறுக்கு நூலில், ஒரு நிறம். இப்படித் திருப்பினால் நீலம், அப்படித் திருப்பினால் பச்சை. கட்டிக்கொண்டு நடக்கும்போது அது மாறி மாறித் தெரிவதற்குத்தான் காசே. அக்கா அதை ஹால் டியூப்லைட்டுக்கு அடியில் போனில் எடுத்து, பளிச்சென்று இருக்கட்டும் என்று ஃபில்டரும் போட்டு அனுப்பியிருந்தாள்.

"டேய், பத்து வருஷமா கேமராவ கட்டிக்கிட்டு அழறியே, இதுக்கு ஒரு வழி பண்ண மாட்டியா?"

என் கேமரா வாழ்க்கை பெசன்ட் நகர் சூரிய உதயத்துக்கும் மயிலாப்பூர் அறுபத்துமூவருக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. அதுவரை நான் நம்பிய ஒரே லைட்மேன் சூரியன். அவர் சம்பளம் கேட்டதில்லை, ஸ்டாண்ட் கேட்டதில்லை. இருந்தாலும் அக்கா முன்னால் தெரியாது என்று சொல்ல முடியுமா? "ஸ்டூடியோ ஃப்ளாஷ் வாங்கிடலாம்" என்று சொல்லிவிட்டேன். பட்ஜெட் 25,000. காசு அக்காவுடையது என்பதால் குரலில் ஒரு தைரியம்.

அடுத்த ஒரு வாரம் யூடியூபில் விழுந்து கிடந்தேன். ஒரு ஆள் எல்இடிதான் எதிர்காலம் என்கிறார். இன்னொருவர் ஃப்ளாஷ் இல்லாதவன் போட்டோகிராபரே இல்லை என்கிறார். சுவீடன்காரர்களின் புரோஃபோட்டோ ஒன்று பார்த்தேன். அந்த விலைக்கு ஒரு ஆக்டிவா வாங்கி, மீதிக் காசில் ஹெல்மெட்டும் வாங்கலாம். கையடக்க ஃப்ளாஷ்களில் பெட்டி மேலேயே, வெளிச்சம் எவ்வளவு தூரம் எட்டும் என்று சொல்கிற கைடு நம்பர், 60 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அது ஃப்ளாஷ் தலையை 200 மி.மீ.க்கு ஜூம் பண்ணி, வெளிச்சத்தை டார்ச் மாதிரி ஒடுக்கினால் வரும் கணக்கு என்பது பிறகுதான் தெரிந்தது. புடவை முழுக்க வெளிச்சம் பரவ வேண்டிய இடத்தில் அந்த எண்ணை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கலாம்.

அக்கா கேட்டது நியாயமான கேள்வி. "ஸ்விட்ச் போட்டா எரியற லைட்டே வாங்கலாமே? பளிச் பளிச்சுன்னு அது எதுக்கு?"

உண்மையில் புடவை என்ன ஓடவா போகிறது? டிரைபாடில் கேமராவை வைத்து, ஷட்டரை மெதுவாக வைத்தால் எல்இடியே போதும். நானும் அந்த முடிவுக்குத்தான் வந்துகொண்டிருந்தேன். மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "அப்ப ஃபேன நிறுத்தணும்ல?"

அவ்வளவுதான். அக்னி நட்சத்திரத்தில் மேற்கு மாம்பலத்து இரண்டாம் மாடி ஹாலில் ஃபேனை நிறுத்தச் சொல்வதும் மூச்சை நிறுத்தச் சொல்வதும் ஒன்று. ஃபேன் ஓடினால் முந்தி ஆடும், மெதுவான ஷட்டரில் ஜரிகை கலங்கிவிடும். ஃப்ளாஷ் என்றால் வெளிச்சம் அடிப்பதே ஒரு நொடியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். ஆடுகிற முந்தி அப்படியே சிலையாக நிற்கும். ஆக, எங்கள் வீட்டில் ஃப்ளாஷ் ஜெயித்தது ஃபேனால்.

ரிச்சி ஸ்ட்ரீட் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமை போனேன். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி, சார்ஜர், கேபிள், ஸ்க்ரீன்கார்டு என்று கையைப் பிடித்து இழுக்கும் கூட்டத்தைத் தாண்டி ஒரு கேமராக் கடை. கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்த ஓர் அண்ணாச்சி.

"600 வாட் ஃப்ளாஷ் காட்டுங்க" என்றேன், மனப்பாடம் பண்ணி வந்த மாதிரி.

"வாட் இல்ல சார், வாட்-செகண்ட். ரூம் எவ்ளோ?"

"ரூம் இருக்கட்டும், 600 என்ன விலை?"

"ரூம் எவ்ளோ சார்?"

"பத்துக்குப் பதினாலு."

"சீலிங் எவ்ளோ உயரம்?"

"எல்லார் வீட்டு மாதிரிதான். ஒன்பதரை இருக்கும்."

"செவுரு என்ன கலரு?"

நான் சிரித்துவிட்டேன். "அண்ணாச்சி, நான் செவுத்த எடுக்கப் போறதில்ல. புடவை எடுக்கப் போறேன்."

அவர் சிரிக்கவில்லை. 300 ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தார். "600 எடுத்தீங்கன்னா காசு ஏறும், கெடைக்கிறது ஒரே ஒரு ஸ்டாப், அதாவது ரெண்டு மடங்கு வெளிச்சம். கேமராவுல ஐஎஸ்ஓவ 100-லேர்ந்து 200-க்குத் திருப்புங்க, அதே ஒரு ஸ்டாப் ஓசியில வரும். பத்துக்குப் பதினாலுல 600-ஐ வெச்சுக்கிட்டு, கொறைக்க முடியாம எங்கிட்டயே திரும்ப வருவீங்க." இந்த மாதிரி ஃப்ளாஷ்களில் சிலவற்றை பதினாறில் ஒரு பங்குக்குக் கீழே குறைக்கவே முடியாது என்று அப்புறம்தான் விளக்கினார். குறைந்த விலையைச் சொல்லி விற்கிற கடைக்காரரை அன்றுதான் பார்த்தேன். எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

ஃப்ளாஷ் முகத்தில், முன்னால் எதையாவது மாட்டுகிற இடத்தில், இருந்தது போவென்ஸ் மவுண்ட். போவென்ஸ் இங்கிலாந்துக் கம்பெனி, 2017-இல் கடையைக் கட்டிவிட்டது. ஆனால் இன்றும் ஃப்ளாஷ் செய்கிற பல கம்பெனிகள் மூக்கில் அந்த மவுண்டைத்தான் வைக்கிறார்கள். ஜமீன் போனாலும் பட்டப்பெயர் நிற்கிற மாதிரி. அதனால் அந்த மவுண்டுக்குச் செய்த எந்த ஊர் சாப்ட்பாக்ஸும், அதாவது வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிக்கூடும், பொருந்தும் என்றார்.

அங்கேதான் என் யூடியூப் படிப்பு குறுக்கே வந்தது. லைட் பெரிதாக இருந்து, கிட்டவும் இருந்தால் நிழல் ஓரம் கரையும். சூரியன் எவ்வளவோ பெரிசுதான், ஆனால் அவ்வளவு தூரத்தில் இருப்பதால் வானத்தில் அப்பளம் சைஸ். உச்சி வெயில் நிழல் கத்தி மாதிரி விழும். அண்ணாச்சி 60-க்கு 90 செ.மீ. சாப்ட்பாக்ஸ் எடுக்க, நான் 120 செ.மீ. எட்டுமூலை ஆக்டா கேட்டேன். "சீலிங் ஒன்பதரைன்னீங்களே" என்று இழுத்தார். "பரவால்ல, குடுங்க." கேமராவிலிருந்து ஃப்ளாஷை அடிக்க வைக்கும் டிரிகர், ஸ்டாண்ட், பில்.

வீட்டில் மாமா காத்திருந்தார். அவர் கவலை ஈபி பில். இரண்டு மாதத்தில் 500 யூனிட் தாண்டினால் ரேட்டே மாறிவிடும் என்பதால் மீட்டர் எண்ணை வாராவாரம் டைரியில் குறித்து வைக்கிற மனிதர். பெட்டியில் 300 என்று பார்த்ததும் கால்குலேட்டரை எடுத்தார். ஒரு யூனிட் என்றால் 1,000 வாட் ஒரு மணி நேரம். அது 36 லட்சம் வாட்-செகண்ட். 300-ஆல் வகுத்தால் 12,000. அதாவது முழு பவரில் 12,000 தடவை மின்னினால்தான் ஒரு யூனிட். வீணாகிறதைச் சேர்த்துப் பத்தாயிரம் என்றே வைத்துக்கொள்வோம். மாமா முகம் மலர்ந்தது. பிறகு மேனுவலின் மூன்றாம் பக்கத்தில் மாடலிங் லேம்ப் 150 வாட் என்று கண்டுபிடித்தார். வெளிச்சம் எங்கே விழும் என்று காட்ட எரிந்துகொண்டே இருக்கும் பல்பு அது. ஆறு மணி நாற்பது நிமிஷத்தில் ஒரு யூனிட். "இத அணைச்சுடு" என்று ஆர்டர் போட்டார். அன்றிலிருந்து நான் நிழல் எங்கே விழும் என்று குருட்டாம்போக்கில்தான் லைட்டைத் திருப்புகிறேன்.

ஆக்டாவை மாட்டுவது தனிக்கதை. கொசுவலைக் கூடாரத்தைத் திரும்ப மடித்துப் பையில் போட முயன்றவர்களுக்குப் புரியும். எட்டுக் கம்பி. ஏழு வரை அடக்கமாகப் போகும். எட்டாவதை வளைத்துச் செருகும்போது முதல் கம்பி கழன்று நெற்றியில் அடிக்கும். அக்கா பையன் அதை வீடியோ எடுத்து ஃபேமிலி குரூப்பில் போட்டான். மதுரை சித்தப்பா வரை பார்த்துவிட்டார். ஒருவழியாக மாட்டி, ஸ்டாண்ட் சாயாமல் இருக்கக் காலில் பத்து கிலோ இட்லி அரிசி மூட்டையைச் சாய்த்து, ஆறரை அடிக்கு ஏற்றி, புடவையைப் பார்த்து லேசாகச் சாய்த்தேன்.

டக். டக். டக். டக்.

ஃபேன்.

எந்த ஃபேன் ஓடவேண்டும் என்பதற்காக ஃப்ளாஷ் வாங்கினோமோ அதே ஃபேனின் றெக்கை ஆக்டாவின் உச்சியைக் கொத்திக்கொண்டிருந்தது. மாமா எழுந்து போய், ஒன்றும் பேசாமல், ஃபேனை அணைத்தார். அந்த மௌனம் இருக்கிறதே, திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வியர்த்துக் கொட்ட முதல் படம் எடுத்தேன். ஒரே வெள்ளை. வெளிச்சம் அதிகம் போல என்று ஷட்டரை 1/500 நொடிக்கு ஏற்றினேன். இப்போதும் வெள்ளைதான், கூடவே படத்தின் ஒரு பக்கம் முழுக்கக் கறுப்புப் பட்டை. மூன்று தடவை எடுத்தும் அதே பட்டை. அக்கா எட்டிப் பார்த்து, "இது பார்டராடா?" என்றாள்.

டப்பா பீஸைத் தலையில் கட்டிவிட்டார் என்று முடிவு பண்ணி, திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டு ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். நான் பேச ஆரம்பிக்கும் முன்பே அண்ணாச்சி என் நிக்கானை வாங்கி, டயலை 1/160-க்குத் திருப்பி, தன் உள்ளங்கையை ஒரு படம் எடுத்துக் காட்டினார். பட்டை இல்லை. "உங்க கேமராவுக்கு 1/200 வரைக்கும்தான். அதுக்கு மேல போனா ஷட்டர் முழுசா தொறக்கறதுக்குள்ளயே மூட ஆரம்பிச்சுடும். ஃப்ளாஷ் அடிக்கற நேரத்துல பாதி கதவு சாத்தியிருக்கும். வெளிச்சத்தக் கொறைக்க ஷட்டரத் தொடாதீங்க, அப்பர்ச்சரத் திருப்புங்க, லென்ஸ் ஓட்டை சின்னதாகும்." பிறகு, திட்டாமல், ஒரு டீ சொன்னார். அந்த டீ தொண்டையில் இறங்கவில்லை. 60-க்கு 90 சாப்ட்பாக்ஸையும் வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி மெட்ரோ ஏறினேன்.

சனிக்கிழமை மறுபடி. ஃபேன் ஓடுகிறது, பட்டை இல்லை, ஷட்டர் 1/160, அப்பர்ச்சர் எஃப் 8, பவர் கால்வாசி. ஜரிகை ஒவ்வொரு இழையாகத் தெரிகிறது. நானே என் தோளைத் தட்டிக்கொள்ளும் நேரத்தில் அக்கா சொன்னாள், "அரக்குப் புடவை ஏண்டா பாசி புடிச்ச மாதிரி இருக்கு?"

ஹால் சுவர். பிஸ்தா பச்சை. வீட்டு ஓனர் ஆசை ஆசையாகத் தேர்ந்தெடுத்த நிறம். வெள்ளை வெளிச்சம் அதில் பட்டுப் பச்சையாகத் திரும்பி வந்து, நிழல் பக்கமெல்லாம் குளத்துத் தண்ணீர் மாதிரி ஆக்கியிருந்தது. "செவுரு என்ன கலரு?" என்று அண்ணாச்சி கேட்டது காதில் ஒலித்தது.

பெயின்ட் அடிக்க ஓனர் விட மாட்டார். மாமாவின் எட்டு முழ வேட்டி நான்கைச் சுவரில் தொங்கவிட்டோம். பச்சை போயிற்று, அக்கா தாராளமாக விடுகிற சொட்டு நீலம் வந்து சேர்ந்தது. கடைசியில் கைகொடுத்தது, போன வருஷக் கொலுவுக்கு வாங்கிப் பரணில் கிடந்த தெர்மாகோல். கோடம்பாக்கத்தில் காலங்காலமாக ஹீரோயின் முகத்துக்குப் பிடிக்கிற சமாசாரம். நான்கு அட்டைகளைச் சுற்றி நிறுத்தியதும் அரக்கு அரக்கானது. மயில்கழுத்தை இரண்டாக எடுத்தோம், நீலம் தெரிய ஒன்று, பச்சை தெரிய ஒன்று.

அன்று சாயங்காலம் எதிர் வீட்டு மாமி படியேறி மூச்சிரைக்க வந்தார். "ஏண்டாப்பா, உங்காத்துலேர்ந்தா அந்த வெளிச்சம்? மின்றதே, மழை கொட்டப் போறதுன்னு மொட்டை மாடியில காயவெச்ச வடாத்தை எல்லாம் அள்ளிண்டு ஓடி வந்தேன். பாதி காயல, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிண்டுடுத்து." காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டு, லைட்டைக் காட்டி, ஒரு தடவை மின்னியும் காட்டினோம். மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஓ, நீங்கதானா! அப்ப சரி. இனிமே பயப்பட மாட்டேன்" என்று போனார்.

அதன் பிறகு வாராவாரம் மின்னினோம். மாமி அசையவில்லை.

ஜூன் முதல் வாரம், ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி இருக்கும். ஒரு கஸ்டமர் வாட்ஸாப்பில் எழுதினார்: "போட்டோ ரொம்ப அழகா இருக்கு மேடம், அதனாலதான் டவுட்டா இருக்கு. வெயில்ல வெச்சு மொபைல்ல ஒண்ணு எடுத்து அனுப்புங்க." அக்கா ஒரு வார்த்தை பேசாமல் போனையும் புடவையையும் என் கையில் கொடுத்தாள். நான் மொட்டை மாடிக்குப் போனேன்.

வெயிலைக் காணோம். வடமேற்கே கோயம்பேட்டுப் பக்கம் வானம் தோசைக்கல் மாதிரி கறுத்து வந்துகொண்டிருந்தது. எதிர் மாடியில் இரண்டு பழைய வேட்டி நிறைய ஜவ்வரிசி வடாம். கீழே பால்கனியில் மாமி நாற்காலி போட்டு விசிறிக்கொண்டிருந்தார். பளீரென்று ஒரு மின்னல் தெரு முழுக்க அடித்தது. இடி இன்னும் வரவில்லை.

மாமி எங்கள் ஹால் ஜன்னலைப் பார்த்துக் கையை ஆட்டினார். "இன்னிக்கு ரொம்ப நன்னா மின்றதே! இன்னும் எத்தனை புடவை பாக்கி?"