பழைய கணினியும் கல்யாண வட்டுகளும்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியதிலிருந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த மேசைக் கணினிகள் பல வீடுகளில் மூலைக்குப் போய்விட்டன. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும், இன்டெல்லாக இருந்தால் எட்டாம் தலைமுறைச் செயலியும் அவற்றில் இல்லை என்பதைத் தவிர அவற்றுக்குப் பெரிய குறை எதுவும் கிடையாது. அலுவலகங்கள் கழித்துவிடும் சின்னப் பெட்டிக் கணினிகள் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் மலிவாகவே கிடைக்கின்றன. எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்குக் கீழே இருப்பதும் அப்படிப்பட்ட ஒன்றுதான்: ஆறாம் தலைமுறை ஐ5 செயலி, 8 ஜிபி நினைவகம், இயங்குதளத்துக்கு ஒரு சிறிய எஸ்எஸ்டி, கோப்புகளுக்கு 2 டிபி ஹார்ட் டிஸ்க். இத்தகைய கணினியில் படம் பார்ப்பதன் தரத்தை அதன் விலை தீர்மானிப்பதைவிட, பெரும்பாலோர் திறந்தே பார்க்காத சில அமைப்புகள்தான் தீர்மானிக்கின்றன என்பது என் உறுதியான கருத்து. புதிய கருவி வாங்கப் பணம் எடுத்துவைப்பதற்கு முன்னால் அந்த அமைப்புகளை ஒருமுறை சரிபார்த்துவிட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில், சுருக்கி வைக்கப்பட்ட எந்தக் காணொளி வடிவத்தை உங்கள் கணினி அதற்கென்றே உள்ள வன்பொருளில் விரிக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். 2003இல் வந்த எச்.264 வடிவத்தை இன்று வீடுகளில் இருக்கும் ஏறக்குறைய எல்லாக் கணினிகளும் சிரமமின்றி விரிக்கும். 2013இல் வந்த எச்.265 அப்படியல்ல. இன்டெல்லின் ஆறாம் தலைமுறை அதன் 8-பிட் வகையை மட்டுமே முழுமையாக வன்பொருளில் கையாளும். வண்ணங்களை இன்னும் நுணுக்கமாகப் பதியும் 10-பிட் வகைக்கு ஏழாம் தலைமுறை வேண்டும். ஏவி1 வடிவத்துக்குப் பதினொன்றாம் தலைமுறை வரை போக வேண்டும். வன்பொருள் உதவி இல்லாதபோது முழு வேலையும் செயலியின் தலையில் விழுவதால், விசிறி இரையத் தொடங்குவதும், 4கே கோப்பாக இருந்தால் படம் திணறுவதும் நேர்கின்றன. ஆனால் 1080 அளவிலான 10-பிட் கோப்பை ஒரு ஐ5 செயலி மென்பொருள் வழியாகவே தாங்கிக்கொள்ளும் என்பதால், 4கே மீது பிடிவாதம் இல்லாதவர்கள் இதற்காகக் கணினியை மாற்ற வேண்டியதில்லை. அதற்குப் பதிலாகப் பெட்டியைத் திறந்து, விசிறியிலும் வெப்பத்தகட்டிலும் அடைந்திருக்கும் தூசியைத் துடைத்து, செயலியின் மேல் காய்ந்து போயிருக்கும், வெப்பம் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை வழித்தெடுத்துப் புதிதாகத் தடவுங்கள். நம் ஊர்க் கோடையில் இது தரும் பலன் வேறெந்தச் செலவிலும் கிடைக்காது.

மென்பொருளைப் பொறுத்தவரை என் தேர்வு, படம் பார்ப்பதற்கான கோடி என்னும் கட்டற்ற மென்பொருள். எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவியில் படம் பார்ப்பதற்கென்று ஆர்வலர்கள் எழுதத் தொடங்கிய எக்ஸ்பிஎம்சி என்ற நிரலே 2014இல் இந்தப் பெயருக்கு மாறியது. கோடியை விண்டோஸிலும், லினக்ஸ் மின்ட் என்னும் இலவச இயங்குதளத்திலும் நிறுவலாம். கணினிக்கு வேறு வேலையே இல்லையென்றால், கோடியை மட்டும் இயக்குவதற்காகவே ஆக்கப்பட்ட லிப்ரஎலெக் என்னும் சிறிய லினக்ஸ் இயங்குதளத்தை யுஎஸ்பி வழியாக நிறுவிவிடுவது மேல். எந்த எஸ்எஸ்டியில் அல்லது ஹார்ட் டிஸ்க்கில் நிறுவுகிறோமோ அதில் இருப்பதையெல்லாம் அது அழித்துவிடும் என்பதால், கோப்புகள் உள்ள ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு நிறுவுவது பாதுகாப்பானது. இந்த இயங்குதளத்தின் முக்கியக் கோப்பு எழுத முடியாத வகையில், படிக்க மட்டுமே திறக்கப்படுவதால், திடீர் மின்வெட்டு அதைச் சேதப்படுத்தும் வாய்ப்பு மிகவும் குறைவு.

கட்டணம் செலுத்திப் பார்க்கும் ஓடிடி தளங்களுக்கு மட்டும் இந்தக் கணினியை நான் நாடுவதில்லை. உரிமப் பாதுகாப்புக்காக அத்தளங்கள் பல உலாவிகளுக்கு, குறிப்பாக லினக்ஸில் இயங்குபவற்றுக்கு, குறைந்த தரத்திலேயே படத்தை அனுப்புகின்றன. அதற்குத் தொலைக்காட்சியில் உள்ள ஆப்களோ, தொலைக்காட்சியில் செருகும் ஒரு சிறிய ஸ்டிக்கோ போதும். சொந்தமாகச் சேர்த்துவைத்த கோப்புகளுக்குத்தான் கணினி.

இனித் தொலைக்காட்சிப் பக்கம். எச்டிஎம்ஐ கம்பியைச் செருகியவுடன் பலர் கவனிப்பது, திரையின் ஓரங்கள் வெட்டுப்பட்டிருப்பதை. பழைய குழாய்த் தொலைக்காட்சிக் காலத்து ஓவர்ஸ்கேன் வழக்கம் இன்னும் தொடர்வதே இதற்குக் காரணம். தொலைக்காட்சியின் பட அமைப்பில் ஜஸ்ட் ஸ்கேன் அல்லது ஸ்கிரீன் ஃபிட் என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் இது சரியாகிவிடும். கவனத்துக்கு வராமலேயே படத்தைக் கெடுப்பது வண்ண வரம்பு. காணொளிகளில் கருமை 16 என்ற எண்ணிலும் வெண்மை 235 என்ற எண்ணிலும் குறிக்கப்படுகின்றன. கணினியோ 0 முதல் 255 வரை பயன்படுத்தும். கணினி முழு வரம்பில் அனுப்பும்போது தொலைக்காட்சி குறுகிய வரம்பை எதிர்பார்த்திருந்தால் இருட்டுக் காட்சிகளில் எல்லாம் ஒரே கருப்பாக அமுங்கிப்போகும். மாறாக இருந்தால் கருப்பு சாம்பல் பூத்துத் தெரியும். இரவுக் காட்சி ஒன்றில் கருங்கூந்தலையும் அதற்குப் பின்னுள்ள இருளையும் பிரித்துப் பார்க்க முடிகிறதா என்று கவனியுங்கள். முடியவில்லையென்றால், இரு பக்கமும் ஒரே வரம்பில் இருக்கும்படி அமைப்பை மாற்றுங்கள். அசைவை வழவழப்பாக்குகிறேன் என்று இடையில் இல்லாத சட்டங்களை (ஃபிரேம்களை) தொலைக்காட்சி தானே உருவாக்கிச் சேர்க்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். நல்ல ஒளிப்பதிவாளர் உழைத்து எடுத்த படத்தை அது மெகா தொடர்போல ஆக்கிவிடுகிறது.

நான் மிக முக்கியமாகக் கருதுவது திரையின் புதுப்பிப்பு வேகம். திரைப்படங்கள் நொடிக்கு 24 சட்டங்கள் என்ற கணக்கில் எடுக்கப்படுகின்றன. கணினி வழக்கமாகத் திரையை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கிறது. 60ஐ 24ஆல் மீதியின்றி வகுக்க முடியாது என்பதால், ஒரு சட்டம் இரண்டு முறையும் அடுத்த சட்டம் மூன்று முறையுமாக மாறி மாறிக் காட்டப்படுகிறது. கேமரா ஒரு வயல்வெளியின் மீதோ கோயில் பிராகாரத்தின் தூண்களின் மீதோ மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சியைப் பார்த்தால், தூண்கள் ஒரே சீராக நகராமல் தட்டித் தட்டி நகர்வது தெரியும். பலர் இதைக் கணினியின் வேகக் குறைவு என்று எண்ணிப் புதுக் கணினி வாங்குகிறார்கள். அதிலும் இதே தட்டல் இருக்கும். கோடியின் பிளேயர் அமைப்பில் காணொளிப் பிரிவுக்குப் போய், திரையின் புதுப்பிப்பு வேகத்தைப் படத்துக்கேற்ப மாற்றும் தேர்வை, படம் தொடங்கும்போதும் முடியும்போதும் என்று வைத்துவிட்டால், 24 சட்டப் படத்துக்குத் திரை தானாக 24 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 24 முறை புதுப்பிக்கும் வேகத்துக்கு, மாறிக்கொள்ளும். இந்தியாவில் வழங்கிய பால் (PAL) என்னும் தொலைக்காட்சி முறையில் பதிவான 25 சட்டக் காணொளிகளுக்கு 50 ஹெர்ட்ஸ் பொருந்தும். மாறும்போது திரை ஓரிரு நொடி கருப்பாகும் என்று முன்கூட்டியே வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒலியில் எல்லா வீடுகளிலும் கேட்கும் குறை ஒன்றுதான்: வசனம் காதில் விழுவதில்லை, சண்டை வந்தால் வீடே அதிர்கிறது. ஆறு தடங்கள் கொண்ட 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஒலிபெருக்கிக்கு உரியது. தொலைக்காட்சியில் இரண்டே ஒலிபெருக்கிகள் இருப்பதால் ஆறு தடங்களையும் இரண்டாகக் கலக்கும்போது மொத்த ஒலியளவு குறைக்கப்பட்டு, வசனம் அடங்கிப்போகிறது. கோடியின் ஒலி அமைப்பில் தடங்களின் எண்ணிக்கையை 2.0 என்று வைத்து, கலக்கும்போது மூல ஒலியளவைப் பேணும் தேர்வை இயக்குங்கள். உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளி அப்போது சுருங்கும். இசையை நுணுகிக் கேட்பவர்களுக்கு இது இழப்புதான். ஆனால் குழந்தைகள் தூங்கிய பிறகு படம் பார்க்கும் வீட்டில் வசனம் புரிவதே முதன்மையானது.

இவையெல்லாம் கடையில் கிடைக்கும் படங்களுக்கும் பொருந்தும். வீட்டுக் கணினியால் மட்டுமே செய்யக்கூடிய வேலை வேறொன்று இருக்கிறது. 1990களின் பிற்பகுதியிலிருந்து நம் ஊர் வீடியோக்காரர்கள் கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் எல்லாவற்றையும் விசிடியிலும் பின்னர் டிவிடியிலும் பதிந்து, அட்டைப்படம் ஒட்டிக் கொடுத்தார்கள். அந்த வட்டுகளின் சாயப்பூச்சு நாளடைவில் சிதையக்கூடியது; அவற்றைப் படிக்கும் டிரைவும் இப்போது பல வீடுகளில் இல்லை. பழைய அலுவலகக் கணினிகளில் டிவிடி டிரைவ் இன்னும் இருப்பது இங்கே கைகொடுக்கிறது.

விசிடியை நகலெடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. 352×288 அளவிலான அந்தக் காணொளி, சாதாரணக் கோப்புகளுக்கு உரிய கூடுதல் பிழைதிருத்தம் இல்லாத வகையில் எழுதப்பட்டது. அதிகப் படம் கொள்ள வேண்டும் என்பதற்காகவே அப்படி வகுத்தார்கள். எனவே லினக்ஸில் அதைச் சாதாரணக் கோப்பாக நகலெடுக்க முயன்றால் பெரும்பாலும் பிழைச் செய்தியே வரும். அதற்கென்றே உள்ள விசிடிஎக்ஸ்ரிப் என்ற கருவி வட்டின் பகுதிகளை உரிய முறையில் படித்து எம்பெக் கோப்பாக எடுத்துத் தரும். டிவிடியாக இருந்தால் ஒரு ஜிபி அளவில் துண்டாடப்பட்டிருக்கும் கோப்புகளை மேக்எம்கேவி என்னும் மென்பொருள் மூலம் ஒரே கோப்பாக்கிக்கொள்ளலாம். இரண்டிலும் படத்தை மறுபடி சுருக்காதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன். ஒரு மணி நேர விசிடி சுமார் 600 எம்பிதான், 4.7 ஜிபி டிவிடியாகவே இருந்தாலும் 2 டிபி ஹார்ட் டிஸ்க்கில் நானூறுக்கு மேல் வைக்கலாம். இடத்தை மிச்சப்படுத்துவதற்காக, ஏற்கெனவே மங்கலாக உள்ள பெரியவர்களின் முகங்களை இன்னும் மங்கலாக்குவது நியாயமில்லை.

டிவிடியில் பதிவான கல்யாணங்களைப் பார்க்கும்போது தாலி கட்டும் நேரத்தில் நிறுத்திப் பாருங்கள். தூவப்படும் அட்சதையும் உயரும் கைகளும் சீப்பின் பற்கள்போலக் கோடு கோடாகப் பிளந்து தெரியும். அக்காலக் கேமராக்கள் நொடிக்கு 50 அரைச் சட்டங்களாக, ஒற்றைப்படை வரிகளையும் இரட்டைப்படை வரிகளையும் தனித்தனியே பதிவு செய்ததுதான் காரணம். கோடியில் படம் ஓடும்போதே காணொளி அமைப்பைத் திறந்து, இந்தக் கோடுகளை நீக்கும் டீஇன்டர்லேஸ் முறைகளில் பாப் (Bob) வகையைத் தேர்ந்தெடுத்தால், ஒவ்வோர் அரைச் சட்டமும் முழுச் சட்டமாக விரிக்கப்பட்டு நொடிக்கு 50 சட்டங்கள் கிடைக்கும். திரையும் 50 ஹெர்ட்ஸில் இருந்தால், கோடுகள் மறைவதோடு, கேமரா முன் கடந்து செல்லும் உறவினர்களின் நடையும் இயல்பாகத் தெரியும். பாதிச் சட்டங்களைத் தள்ளிவிட்டு 25 ஆக்கும் முறைகளில் இந்த இயல்பு வராது.

அடுத்தது உருவ விகிதம். அந்தப் பதிவுகள் 4:3 திரைக்கானவை. அகலத் திரையை முழுதும் நிரப்ப வேண்டும் என்று இழுத்துவிட்டால் மணமக்கள் முதல் தாத்தா வரை எல்லோரும் குட்டையாகவும் பருமனாகவும் ஆகிவிடுகிறார்கள். இரு பக்கமும் கருப்புப் பட்டை இருப்பதே சரி. சில டிவிடிகளில் விகிதக் குறியீடே தவறாகப் பதிவாகியிருக்கும்; அவற்றுக்குக் கோடியின் பார்வை முறையில் 4:3 என்பதை ஒருமுறை தேர்ந்தெடுத்தால் அந்தக் கோப்புக்கு மட்டும் அதை நினைவில் வைத்துக்கொள்ளும்.

கோப்புகளுக்குப் பெயரிடுவதில் ஒழுங்கு வேண்டும். திரைப்படங்களின் விவரத்தைக் கோடி இணையத்திலிருந்து எடுக்கும்போது பெயரையும் ஆண்டையும் வைத்தே தேடுகிறது. தமிழில் ஒரே பெயரில் இரண்டு படங்கள் வருவது வழக்கம். பில்லா என்றால் 1980ஆ 2007ஆ, படிக்காதவன் என்றால் 1985ஆ 2009ஆ என்று ஆண்டு சொன்னால்தான் தெரியும். ஆகவே பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஆண்டை எழுதிவிடுங்கள். வீட்டு விழாப் பதிவுகளைத் தனிக் கோப்புறையில் வைத்து, அதற்கு உள்ளடக்க வகை எதுவும் கொடுக்காமல் விடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் அத்தையின் கல்யாணத்துக்கு ஏதோ ஒரு படத்தின் சுவரொட்டி வந்து ஒட்டிக்கொள்ளும். ஆண்டு முதலில், நிகழ்ச்சியும் ஊரும் அடுத்து என்று பெயரிட்டால் காலவரிசை தானாக அமையும். அவற்றின் இன்னொரு நகலை வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, முடிந்தால் வேறொரு வீட்டில் வைத்திருங்கள்.

பெரியவர்கள் தாங்களாகவே இயக்க வேண்டுமானால் விசைப்பலகையை அவர்கள் கையில் கொடுக்கக் கூடாது. மேசைக் கணினிகளின் எச்டிஎம்ஐ வழியாகத் தொலைக்காட்சி ரிமோட்டின் கட்டளைகள் பெரும்பாலும் வந்து சேர்வதில்லை என்பதால், யுஎஸ்பி ரிசீவரோடு வரும் சிறிய ரிமோட் ஒன்று வாங்கிவிடுவது நல்லது. ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருப்பவர்களுக்குக் கோடியின் சொந்த ரிமோட் ஆப்பான கோரே (Kore) போதும். கணினி தொடங்கும்போதே திறக்கக்கூடிய பயாஸ் அமைப்புக்குள் போய், மின்சாரம் திரும்பியதும் கணினி தானாக இயங்கத் தொடங்கும்படி வைத்துவிடுங்கள். கோப்புகள் சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால், சிறிய யுபிஎஸ் ஒன்றோடு இணைத்தே பயன்படுத்துங்கள்.