முந்தானை முடிச்சில் இருந்த மாத்திரை

கூடலூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் பதினோரு வருடம் பார்மசிஸ்டாக இருந்தேன். அலமாரியில் முதலில் காலியாவது எப்போதும் வலி மாத்திரைதான். கையால் கொழுந்து கிள்ளிய காலம் போய்க் கத்தரி வந்த பிறகு தோள்பட்டை வலி இன்னும் கூடியது. மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம்.

அந்த அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். லைன் வீட்டிலிருந்து வரும் நாற்பது படியை மூன்று இடத்தில் நின்று நின்று ஏறி வந்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சுண்ணாம்பு அடித்தது போல வெளுப்பு. ஹீமோகுளோபின் 6.4, கடும் ரத்தசோகை. வாரம் ஒருநாள் வரும் டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். நான் என் பங்குக்கு முருங்கைக்கீரை சாப்பிடச் சொன்னேன். இரண்டு மாதம் கழித்து 6.1. மலம் கருப்பாகப் போகிறதா என்று கேட்டேன். ஆமாம் என்றார். இரும்பு மாத்திரை போட்டால் கருப்பாகத்தான் போகும். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. முடிந்திருக்கக் கூடாது, உள்ளே ரத்தம் கசிந்தாலும் கருப்பாகத்தான் போகும்.

கோவையில் எண்டோஸ்கோப்பி பார்த்தார்கள், இரைப்பையில் புண் இல்லை. பெருங்குடலும் சுத்தம். கடைசியில் கேமரா வைத்த காப்ஸ்யூலை விழுங்க வைத்தார்கள். சிறுகுடல் நெடுகப் புண்கள்.

வலிக்கு என்ன போடுகிறீர்கள் என்று நாங்கள் எல்லோரும் கேட்டிருந்தோம். "ஒண்ணும் இல்ல" என்பதுதான் பதில். பொய் சொல்லவில்லை, மளிகைக் கடையில் வாங்குவது அவர் கணக்கில் மருந்தே இல்லை. மூன்றாவது முறை கேட்டபோது முந்தானை முடிச்சை அவிழ்த்தார். டைக்ளோபினாக் என்ற வலி மாத்திரை. தினமும் இரண்டு வீதம், மூன்று வருடமாக.

"நீங்கதானே தம்பி சொன்னீங்க, கேஸ் மாத்திரையோட போட்டா ஒண்ணும் செய்யாதுன்னு."

சொன்னேன்தான். ஐந்து நாள் மாத்திரைக்குச் சொன்னது. கேஸ் மாத்திரையையும் தவறாமல் வாங்கிப் போட்டிருக்கிறார், பாவம்.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். ஆஸ்பிரின் வகை மருந்துகள் (டைக்ளோபினாக்கும் இதில் சேர்த்தி) உடம்பே உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளைத் தடுத்துத்தான் வலியைக் குறைக்கின்றன என்று ஜான் வேன் என்ற பிரிட்டிஷ் மருந்தியல் விஞ்ஞானி 1971இல் காட்டினார். குடலின் உள்சுவரைக் காப்பதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். கேஸ் மாத்திரை அமிலத்தைக் குறைக்கும், இரைப்பைக்குக் காவல். சிறுகுடலில் சேதத்தைக் கூட்டுவது பித்தநீரும் பாக்டீரியாவும். அங்கே அந்தக் காவல் செல்லாது. டைக்ளோபினாக் கல்லீரல் வழியாகப் பித்தநீரில் கலந்து மறுபடி குடலுக்கே வரும். அதனால் 'ஊசி போட்டால் வயிறு கெடாது' என்பதும் சரியில்லை.

இதே மருந்துதான், அதைப் போட்ட மாடுகள் செத்தபின் அவற்றைத் தின்ற பாறு கழுகுகளையும் கொன்றது, அங்கே சிறுநீரகத்தைக் கெடுத்து. மாட்டுக்குப் போட 2006இலேயே தடை வந்துவிட்டது. நீலகிரிப் பக்கத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் கழுகுகளுக்காக வனத்துறையினர் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த முடிச்சுதான் ஞாபகம் வரும்.

மாத்திரையை நிறுத்திய பிறகுதான் இரும்பு உடம்பில் ஒட்டியது. நான்கு மாதத்தில் 10.8. வலிக்குப் பாராசிட்டமால் கொடுத்தேன். அக்கா அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இது சும்மா வெள்ளை மாத்திரை தம்பி, கத்தரி பிடிக்கிற கைக்கு இது எந்த மூலைக்கு?" என்றார்.