மும்பை நேர்காணலுக்குத் தண்டையார்பேட்டையில் சேர்த்த காகிதங்கள்

எங்கள் பக்கத்தில் அமெரிக்க மாப்பிள்ளை அமைந்துவிட்டால், "ஜெமினிக்குப் போய் ஒரு நாள் நின்னா விசா வந்துடும்" என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். சுற்றுலா விசாவுக்கும் வேலை விசாவுக்கும்தான் அண்ணா சாலையில், ஜெமினி பக்கத்தில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகம். கணவன் மனைவி உறவில் குடியேறப் போகிறவர்களுக்கு நேர்காணல் மும்பையில், பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் இருக்கும் துணைத் தூதரகத்தில் நடக்கிறது. அங்கே நம்மோடு பேசும் நேரம் கொஞ்சம்தான். நம் கையில் இருக்கும் காகிதங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். அந்த வேலை முழுக்க நம் ஊரிலேயே முடிக்க வேண்டியது. இப்போது இந்த வேலையில் இறங்கியிருக்கும் வடசென்னைப் பெண்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் கட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் அமெரிக்கக் குடிமகன். மனைவியை அழைத்துக்கொள்வதற்கான ஐ-130 மனுவை அவர் அங்கிருந்து போட்டார். அது ஏற்கப்பட்டதும் கோப்பு என்விசி எனப்படும் தேசிய விசா மையத்துக்குப் போனது. பிஎம்பி என்று தொடங்கும் கேஸ் நம்பர் வந்தால் மும்பை என்று பொருள். விசா விண்ணப்பத்துக்கு 325 டாலர், நம் செலவைக் கணவர் பார்த்துக்கொள்வார் என்று எழுதித் தரும் ஆதரவு உறுதிமொழிக்கு 120 டாலர். இரண்டையும் கட்டிய பிறகு விசா விண்ணப்பமான டிஎஸ்-260 படிவத்தை நிரப்பி, சான்றுகளை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் 'டிக்யூ' ஆகிவிட்டது, அதாவது காகிதங்கள் முழுமையாக இருக்கின்றன என்று தகவல் வரும். அதற்குப் பிறகு நேர்காணல் தேதிக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

என்னை அதிகம் அலையவைத்தது பிறப்புச் சான்றிதழ்தான். எங்கள் தெருவில் பாதிப் பேரைப் போல நானும் ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் மருத்துவமனையில் பிறந்தவள். மாநகராட்சி இணையதளத்தில் பிறந்த தேதியைப் போட்டுத் தேடியதும் சான்றிதழ் வந்துவிட்டது. அப்பா பெயர் சரி, தேதி சரி. குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அம்மா பெயர் 'பாப்பா' என்று இருந்தது. அம்மாவின் ரேஷன் கார்டு, ஆதார், வாக்காளர் அட்டை மூன்றிலும் தனலட்சுமி. அம்மாவைப் பெற்ற ஆயாவைக் கேட்டால், "வூட்ல எல்லாரும் பாப்பான்னுதானே கூப்புடுவோம், கேட்டாங்க, சொன்னேன்" என்றாள். பிரசவ வார்டு வாசலில் மகளுக்கு என்ன ஆகுமோ என்று நின்றுகொண்டிருந்தவள் வேறு எந்தப் பெயரைச் சொல்லியிருப்பாள்?

அந்தக் காலத்தில் குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே பிறப்பைப் பதிந்துவிடுவார்கள். பிறகு போய்ப் பெயரைச் சேர்க்க வேண்டும் என்பது நிறைய வீடுகளில் தெரியாது. சட்டப்படி முதல் ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். அதையும் தாண்டிய எங்களைப் போன்றவர்களுக்காக அரசு 2024 டிசம்பர் 31 வரை அவகாசம் கொடுத்திருந்தது. அதற்குள் மண்டல அலுவலகத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அப்பா அம்மா அடையாள அட்டைகள், பழைய சான்றிதழ் நகல் எல்லாம் வைத்து விண்ணப்பித்தேன். அங்கே ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். பள்ளிச் சான்றிதழில் இனிஷியலோடு இருக்கிறது, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயராக இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் ஏறும் என் பெயரின் ஆங்கில எழுத்துகள் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தேன். கணினியில் ஏற்றும் முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லி, எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகே சரி என்றேன். அங்கிருந்த பெண் ஊழியரும் பொறுமையாகக் காட்டினார்.

அம்மா பெயரை மட்டும் மாற்ற முடியவில்லை. மருத்துவமனைப் பதிவேட்டிலும் பாப்பாதான். ஆயா சொன்னதைத்தானே எழுதியிருப்பார்கள். அதனால் தம்புசெட்டித் தெருவில் ஒரு வக்கீலிடம் போய், "தனலட்சுமி என்பவரும் பாப்பா என்பவரும் நான் ஒருவரே" என்று அம்மாவின் பெயரில் முத்திரைத்தாளில் உறுதிமொழி டைப் செய்து, நோட்டரி கையெழுத்து வாங்கினோம். அம்மாவின் ஆதார் நகலையும் கூடவே வைத்தேன். என் கருத்து இதுதான்: பெற்றோர் பெயரில் இப்படி ஒரு வேறுபாடு என்றால் உறுதிமொழிப் பத்திரம் தாங்கும். விண்ணப்பிப்பவரின் சொந்தப் பெயரோ பிறந்த தேதியோ வேறுபட்டால் பத்திரத்தை நம்பி மும்பைக்கு ரயில் ஏறக் கூடாது. எந்த அலுவலகத்தில் தவறாகப் பதிந்திருக்கிறதோ அங்கேயே திருத்தி வாங்கிக்கொண்டு போவதுதான் பாதுகாப்பு.

திருமணச் சான்றிதழுக்கு இவ்வளவு பாடு இல்லை. 2022 தை மாதம் திருவொற்றியூர் கோயிலில் தாலி கட்டிக்கொண்டோம். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி 90 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும், கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரை பதியலாம். ஆனால் மாப்பிள்ளை லீவு முடிந்து கிளம்பிவிட்டால் அந்த 90 நாளால் நமக்கு என்ன பயன்? இருவரும் நேரில் போக வேண்டுமே. அதனால் கல்யாணத்துக்கு முன்பே விண்ணப்பத்தைத் தயார் செய்து வைத்துவிடுவது நல்லது. கோயில் ரசீது, பத்திரிகை, கல்யாண போட்டோ, சாட்சிகளின் அடையாள அட்டை எல்லாம் ஒரே கவரில் இருக்கட்டும். என் கணவர் வெளிநாட்டுக் குடிமகன் என்பதால் முன்பு திருமணம் ஆகவில்லை என்ற உறுதிமொழியும் கேட்டார்கள். அதை ஜெமினி பக்கத்துத் துணைத் தூதரகத்திலேயே அமெரிக்கக் குடிமக்களுக்கு நோட்டரி செய்து தருகிறார்கள், முத்திரை ஒன்றுக்கு 50 டாலர். பதிவு விண்ணப்பத்திலும் இருவர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போட்டோம். பத்திரிகையில் இனிஷியலோடு இருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை.

போலீஸ் சான்று என்றால் லோக்கல் ஸ்டேஷனில் வாங்குவது என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது செல்லாது, பாஸ்போர்ட் அலுவலகம் தருவதுதான் வேண்டும். 500 ரூபாய் கட்டி அப்பாயின்ட்மென்ட் எடுத்தேன். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, வடபழனியில் இறங்கி சாலிகிராமம் போனேன். 16 வயதுக்குப் பிறகு வேறு நாட்டில் 12 மாதமோ அதற்கு மேலோ வசித்திருந்தால் அந்த நாட்டுச் சான்றும் கட்டாயம். துபாய், சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் இதை முதலிலேயே தொடங்கிவிடுங்கள், அங்கிருந்து வரவழைக்க நேரம் பிடிக்கும். 2 வருடத்துக்கு மேல் பழையதாகிவிட்ட சான்றை நேர்காணலுக்குக் கொண்டுபோனால் புதிது கேட்பார்கள்.

அப்புறம் ஐ-864 என்னும் ஆதரவு உறுதிமொழி. இது கணவர் பக்கத்து வேலை என்று நாம் விட்டுவிடக் கூடாது, அவர் அனுப்புவதை நாமும் ஒரு முறை படிக்க வேண்டும். அமெரிக்க அரசின் வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதத்துக்குக் குறையாமல் கணவர் வருமானம் காட்ட வேண்டும். 2024 கணக்கில் இரண்டு பேர் கொண்ட குடும்பத்துக்கு அது 25,550 டாலர். என் கணவர் அப்போதுதான் வேலை மாறியிருந்தார். அதனால் அவருடைய அக்கா வீட்டுக்காரர் கூட்டு ஆதரவாளராகக் கையெழுத்துப் போட்டார். இதில் இரண்டு இடத்தில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். கூட்டு ஆதரவாளர் வந்துவிட்டார் என்பதற்காகக் கணவர் தன் ஐ-864-ஐ விட்டுவிட முடியாது, இரண்டு படிவமும் போக வேண்டும். கூட்டு ஆதரவாளர் தன் குடும்பத்தை எண்ணும்போது நம்மையும் ஒரு ஆளாகச் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். அந்த ஒரு எண்ணிக்கை தப்பினால் மொத்தப் படிவமும் திரும்பி வரும். வருமான வரிக்கு அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ் தளத்திலிருந்தே எடுக்கும் டிரான்ஸ்கிரிப்ட் இருந்தால் கேள்வி குறைகிறது. அந்த அக்கா வீட்டுக்காரர் தன் குடியுரிமைச் சான்றின் நகல் தர முதலில் தயங்கினார். கணவரின் அக்கா, "நம்ம வீட்டுக்கு வர்ற பொண்ணு, இதுக்கு யோசிக்கலாமா?" என்று ஒரே வார்த்தை சொன்னதும் அன்று இரவே அனுப்பிவிட்டார். அந்த உதவியை நான் மறக்க மாட்டேன்.

உறவு உண்மையானது என்பதற்குச் சான்று வேண்டும் என்றதும் ஆல்பத்தையே தூக்கிக்கொண்டு போகிறார்கள். இரண்டு குடும்பமும் சேர்ந்து நிற்கும் படங்கள் கொஞ்சம், அவர் ஊருக்கு வந்துபோன விமான டிக்கெட்டுகள், பாஸ்போர்ட் முத்திரைகள், எனக்குப் பணம் அனுப்பிய வங்கி விவரம், பிரிந்திருந்த காலம் முழுக்கப் பேசியதற்கு ஆண்டுவாரியாகச் சில சாட் பக்கங்கள், இவ்வளவு போதும். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தேதி, இடம், யார் யார் என்று பென்சிலால் எழுதினேன்.

மருத்துவப் பரிசோதனைக்கு மும்பை வரை காத்திருக்க வேண்டாம், சென்னையிலேயே அங்கீகாரம் பெற்ற இடம் இருக்கிறது. நேர்காணல் கடிதம் வந்த பிறகு போனால் போதும். காசநோய்க்கு ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். சின்ன வயதில் போட்ட தடுப்பூசிக்கு அட்டை இல்லை என்பதால் சிலவற்றை மறுபடி போட்டுக்கொண்டேன். சீல் வைத்துக் கொடுக்கும் கவரை எந்தக் காரணத்துக்காகவும் பிரிக்காதீர்கள்.

மும்பையில் என் முறை வந்தபோது அசல்களை ஒரு பக்கமும் நகல்களை ஒரு பக்கமும் தயாராக வைத்திருந்தேன். எப்படிப் பழக்கம், கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள், அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார் அதிகாரி. பிறகு பிறப்புச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "உங்கள் அம்மா பெயர் என்ன?" என்றார். தனலட்சுமி, வீட்டில் பாப்பா என்று கூப்பிடுவோம் என்றேன். உறுதிமொழிப் பத்திரத்தைக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினேன். அதையும் ஆதாரையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தார், தலையாட்டினார், அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். பக்கத்து ஜன்னலில் ஒரு பெண்ணுக்கு 221(ஜி) சீட்டு கொடுத்தார்கள். ஏதோ காகிதம் குறைகிறது, கொண்டுவந்தால் மறுபடி பார்ப்போம் என்பதற்கான சீட்டு அது. விசா போய்விட்டது என்று அவர் அழுதார். அப்படி இல்லை. கேட்டதைக் கொடுத்தால் கேஸ் அங்கிருந்தே நகரும். அதை அவரிடம் வெளியே வந்து சொன்னேன்.

பாஸ்போர்ட் திரும்பி வந்ததும் முதலில் விசா பக்கத்தில் பெயரையும் தேதியையும் சரிபாருங்கள். பிழை இருந்தால் கிளம்பும் முன்பே சொல்லித் திருத்த வேண்டும். 235 டாலர் குடியேற்றக் கட்டணத்தை இணையத்தில் கட்டிவிடுங்கள், கிரீன் கார்டு தயாரிக்க அதுதான். அப்படியே விசா வகையையும் பாருங்கள். மனு போட்டபோது எங்களுக்குத் திருமணமாகி 2 வருடம் ஆகவில்லை என்பதால் ஆரம்பத் தாள்களில் சிஆர்1 என்று இருந்தது. நான் போய் இறங்கும்போது 2 வருடம் தாண்டிவிட்டதால் ஐஆர்1 ஆனது, அட்டை 10 வருடத்துக்கு வந்தது. 2 வருடத்துக்குள் போய் இறங்குகிறவர்களுக்கு அட்டை 2 வருடத்துக்குத்தான் கிடைக்கும். அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து, அந்த 2 வருட வரம்பை நீக்கக் கேட்கும் ஐ-751 மனு போட வேண்டும், அதற்கும் இதே மாதிரி உறவுச் சான்றுகள் கேட்பார்கள்.