பந்திவிசாரணை

நம் ஹாஸ்டலின் அந்தியோகியா சார் மறைந்த செய்தி வந்த இரவே, பழைய மாணவர்கள் நீங்கள் ஆளுக்கொரு கதை எழுதித் தள்ளிவிட்டீர்கள். பிரம்பு, மூக்குப்பொடி, குன்னூர் மலை ரயிலின் கூவலை நம்பிக் கடிகாரத்தைத் திருத்தி வைப்பது, எல்லாம் வந்துவிட்டது. வியாழக்கிழமை வேதபாடக் குழுவைப் பற்றி மட்டும் யாரும் எழுதக் காணோம். அங்கே தூங்காமல் இருந்தவர்கள் குறைவு என்பது காரணமாக இருக்கலாம்.

கம்பளிக்குள் காலை மடக்கிக்கொண்டு, ஆளுக்கு ஒரு வசனமாகச் சுற்றி வரும் அந்த ஒரு மணி நேரம். அந்த வருஷம் முழுக்க, பைபிளில் முதல் கிறிஸ்தவ சபையின் கதையைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகள், 28 அதிகாரமும். மற்றவர்கள் நடத்தினால் இரண்டாம் அதிகாரத்திலேயே, அக்கினி நாவுகளிலும் ஒரே நாளில் சேர்ந்த 3,000 பேரிலும் நின்றுவிடுவார்கள். சாருக்கோ சபை உருப்படியாகத் தொடங்குவது ஆறாம் அதிகாரத்தில். அதாவது, சாப்பாட்டுச் சண்டையில்.

எங்களுக்குப் பழக்கமான சண்டைதான் அது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு சிலோனிலிருந்து கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக வந்து, நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். சாப்பாட்டுக் கூடத்தில் எங்களுக்குக் கடைசி மேசை. எந்த விதியிலும் அப்படி எழுதியிருக்கவில்லை. முன்னால் கோயம்புத்தூர், திருநெல்வேலிப் பிள்ளைகள், நடுவில் உள்ளூர்ப் படகர் வீட்டுப் பையன்கள், கடைசியில் ‘சிலோன் செட்டு’. வாளி எங்களிடம் வரும்போது சாம்பாரில் காய் இருக்காது. வெள்ளிக்கிழமை முட்டைக் கதையை விட்டுவிடுகிறேன். அன்றைய முதல் மேசைக்காரர்கள் பலர் இன்று என் நெருங்கிய நண்பர்கள்.

ஆறாம் அதிகாரத்தின் முதல் வசனம் என் முறைக்கு வந்தது. கிரேக்கரானவர்கள், தங்கள் விதவைகள் அன்றாட விசாரணையில் திட்டமாய் விசாரிக்கப்படவில்லையென்று எபிரெயருக்கு விரோதமாக முறுமுறுத்தார்கள் என்று வாசித்து முடித்தேன். இங்கே கிரேக்கர் என்றால் கிரேக்க மொழி பேசிய யூதர்கள், எபிரெயர் அந்த மண்ணின் மொழி பேசியவர்கள், விசாரணை என்றால் சாப்பாட்டுப் பங்கீடு. “முறுமுறுப்பு கடைசி மேசைக்கு நல்லா வருது சார்” என்றான் ஒருவன். அறையே சிரித்தது. எனக்குக் காது மடல் வரை சுட்டது. சார் சிரிக்கவில்லை, அவனைத் திட்டவும் இல்லை. “சரியாச் சொன்னே. அப்போ நம்ம ஹாஸ்டல்ல எபிரெயர் யாரு?” என்று அவனிடமே கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அவர் எப்படிக் காத்திருப்பார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் ஐந்தாம் வசனத்தின் ஏழு பெயர்களையும் எல்லாரையும் உரக்கச் சொல்ல வைத்தார்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். “குறை சொன்னவங்க கையிலேயே கரண்டியைக் குடுத்துட்டாங்கடா” என்றார்.

மறுநாள் காலை கரண்டி எங்கள் கையில். ஒரு வாரம் நீதி நிலவியது. பிறகு எங்களில் ஒரு புண்ணியவான் வாளியைக் கடைசி மேசையிலிருந்து ஆரம்பித்தான். சார் அவனைக் கூப்பிட்டு, நற்சாட்சி பெற்றவர்களாகப் பார்த்துத் தெரிந்துகொள்ளச் சொல்லும் மூன்றாம் வசனத்தை மட்டும் வாசிக்க வைத்தார். இன்று அவன் ஆடிட்டர்.

சாருக்கு அந்தியோகியா என்ற பட்டப்பெயர் பதினோராம் அதிகாரத்தால் வந்தது. அந்தியோகியா சபையை ஆரம்பித்தது பேதுருவும் இல்லை, பவுலும் இல்லை. ஸ்தேவான் கொல்லப்பட்ட பிறகு எருசலேமிலிருந்து சிதறி ஓடிய, பெயர்கூடச் சொல்லப்படாத சீப்புருதீவுக்காரர்களும் சிரேனேக்காரர்களும்தான் அங்கே கிரேக்கரிடம் முதலில் பேசினார்கள். சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் வந்ததும் அந்த ஊரில்தான். “ஓடிவந்தவங்க கட்டின சபை” என்று சொல்லும்போது சார் எங்கள் பக்கம் பார்ப்பார்.

அந்த ஊரை அவர் பார்த்ததில்லை. பாஸ்போர்ட்டே எடுக்காத மனிதர். 2023 பிப்ரவரி நிலநடுக்கத்தில் அந்தியோகியா, இன்று துருக்கியில் இருக்கும் அந்தாக்கியா, இடிந்து கிடந்ததை டொராண்டோவில் டிவியில் பார்த்துவிட்டு அவருக்குப் போன் செய்தேன். அவர் முதலில் கேட்டது: “அங்க சாப்பாடு போய்ச் சேருதாடா?”

அதே பேச்சில், ஹாஸ்டலின் புதிய சாப்பாட்டுக் கூடத்துக்கு நம் பழைய மாணவர் சங்கம் பணம் அனுப்பியதைப் பெருமையாகச் சொன்னேன். யூதேயாவில் பஞ்சம் என்றதும் அந்தியோகியாக்காரர்கள் திராணிக்குத் தக்கபடி சேர்த்து அனுப்பிய மாதிரி, என்று நானே ஒப்புமையும் சொன்னேன். “நல்ல காரியம் தம்பி. அதை யார் கையில குடுத்து அனுப்புனாங்க?” பர்னபா, சவுல் என்றேன். “பாத்தியா, இருக்கிறதுலேயே நல்ல ரெண்டு பேரை அனுப்பியிருக்காங்க. நீங்க பேங்க்ல போட்டுட்டீங்க” என்று சிரித்தார்.

நம் ஆண்டு விழாக்களில் ‘சிதறப்பட்டவர்கள் நாம்’ என்று உருகாத பேச்சாளர் கிடையாது. என் அப்பாவை இரண்டு அரசாங்கங்கள் கையெழுத்துப் போட்டுச் சிதறடித்தன. நான் கம்பெனி கொடுத்த டிக்கெட்டில் டொராண்டோவுக்கு வந்தேன். என்னை யாரும் துரத்தவில்லை.

கூடத்துக்கு சார் பெயரை வைக்கக் குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. நீள மேசை வேண்டாம், வட்ட மேசையாகப் போடலாம் என்று எழுதியிருக்கிறேன். செலவு கூடும் என்கிறார் பொருளாளர். திறப்பு விழா மே மாதம், சீசன் நேரத்தில். யார் நேரில் போவது என்று செயலாளர் கேட்டிருக்கிறார். மே மாதம் இங்கே எல்லாருக்கும் வேலை அதிகம்.