நெஞ்சில் மறுபடி மறுபடி தண்ணி கோத்தால்

புற்றுநோய் முற்றியவரை ஏற்காட்டு மலைக் கிராமத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறக்கி, சேலத்தில் நெஞ்சுத் தண்ணி (நுரையீரலைச் சுற்றித் தேங்கும் நீர்) எடுத்து, மறுபடி மலையேற்றுவது வதை. மூச்சு வாங்குகிறவர் அந்த வளைவுகளில் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காது. அதனால், தண்ணி இரண்டாம் முறை கோத்ததுமே, வீட்டிலேயே வடிக்கிற மாதிரி மெல்லிய குழாய் போட முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஊசி போட்டு எடுப்பது தேங்கியதை மட்டும்தான். நுரையீரலைச் சுற்றியுள்ள ஜவ்வில் புற்று பரவியிருப்பதால் சுரப்பு கூடும், வடிகிற வழியும் அடைபடும். அதனால்தான் திரும்புகிறது, மருந்தைத் தவறவிட்டதாலோ தண்ணி அதிகம் குடித்ததாலோ அல்ல. ஒரே தடவையில் ஒன்றரை லிட்டருக்கு மேல் பொதுவாக எடுக்க மாட்டார்கள். சுருங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென்று விரிந்தால் அதற்குள்ளேயே நீர் கோத்துவிடும். "முழுசா எடுத்துடுங்க" என்று வற்புறுத்த வேண்டாம்.

இன்னொரு வழி, 4 கிராம் டால்க் மருந்துப் பொடியை உள்ளே செலுத்தி, தண்ணி தேங்க இடமில்லாதபடி ஜவ்வுகளை ஒட்டவைப்பது. ஓரிரு நாள் காய்ச்சலும் வலியும் வரலாம். நுரையீரல் விரியாமல் சிக்கிக் கிடந்தால் டால்க் ஒட்டாது, குழாய்தான் கைகொடுக்கும்.

குழாய் போட்டவருக்கு பெரும்பாலும் ஒருநாள் விட்டு ஒருநாள் வடிக்கச் சொல்வார்கள். சோப்பு போட்டுக் கைகழுவி, கையுறை மாட்டி, குழாய் முனையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, வடிக்கிற பாட்டிலை இணைத்த பிறகே கிளாம்பை (குழாயை அடைத்திருக்கும் கவ்வியை) திறக்க வேண்டும். இருமல், நெஞ்சு இறுக்கம், வலி எது வந்தாலும் மூடிவிடுங்கள். எதுவும் வராவிட்டாலும் ஒரு தடவைக்கு 1 லிட்டர் போதும். குழாய் முனைக்குப் பழைய மூடியைத் திரும்பப் போடக் கூடாது, ஒவ்வொரு முறையும் புதுசு. தேதி, அளவு, நிறம் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். வைக்கோல் நிறமோ, வடித்த டீ நிறமோ இருக்கலாம். கலங்கலாக, நாற்றத்தோடு வந்தாலோ, குழாய் வாயில் சிவந்து காய்ச்சல் அடித்தாலோ, புது ரத்தமாக வந்தாலோ அன்றே காட்டணும். தொடர்ந்து மூன்று தடவை 50 மில்லிக்குக் குறைவாக வந்து மூச்சும் லேசாக இருந்தால், ஜவ்வு தானே ஒட்டியிருக்கலாம். குழாயை எடுக்கலாமா என்று டாக்டர் பார்ப்பார். வராமல் நின்று மூச்சு மட்டும் முட்டினால் அடைப்பாக இருக்கும். நீங்களாக எதையும் உள்ளே ஏற்றாதீர்கள்.

நாட்கள் எண்ணப்படுகிற நிலையில் குழாய், டால்க் இரண்டும் தேவைப்படாது. டாக்டர் எழுதித் தரும் குறைந்த அளவு மார்ஃபின் மூச்சுமுட்டலைத் தணிக்கும், பயப்பட வேண்டாம். முன்னால் தலையணை அடுக்கி, அதில் சாய்ந்து குனிந்து உட்காரச் செய்யுங்கள். ஏற்காட்டுக் குளிருக்கு ஜன்னலைச் சாத்தத்தான் தோன்றும். உடம்பைப் போர்த்திவிட்டு, முகத்தில் மட்டும் காற்று படும்படி டேபிள் ஃபேனை வையுங்கள்.