கம்பெனிப் பணத்தில் அரசுப் பள்ளிக்கு ஓர் ஆய்வகம்: மேலூர்ப் பக்கத்து அனுபவம்

அரசு மேல்நிலைப் பள்ளிக்கு அறிவியல் ஆய்வகம் அமைக்க ஒரு கம்பெனி சி.எஸ்.ஆர். பணம், அதாவது கம்பெனிகள் சமூக நலனுக்கென்று ஒதுக்கும் பணம், தருகிறேன் என்றது. வாங்கிச் செய்ய நாங்கள் இருந்தோம். முன்னாள் மாணவர்கள் நடத்தும் சின்ன அறக்கட்டளை. சம்பளத்துக்கு ஆள் கிடையாது. தலைவர் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், பொருளாளர் மேலூரில் உரக்கடை வைத்திருப்பவர், செயலாளர் நான். ஆய்வகம் இப்போது நடக்கிறது. ஆனால் பட்டதெல்லாம் இன்னும் ஆறவில்லை. அந்தச் சூட்டோடு எழுதிவிட்டால் இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்குக் கொஞ்சம் அலைச்சல் மிச்சமாகும்.

முதல் தகராறு பத்திரத்தில். எங்கள் அறக்கட்டளைப் பத்திரத்தைப் பெரியவர்கள் 1990-களில் எழுதி வைத்தார்கள். ஏழை மாணவருக்கு நோட்டும் சீருடையும் வழங்குவது என்பதோடு நோக்கம் முடிந்துவிடுகிறது. அறக்கட்டளையைக் கலைத்தால் சொத்து யாருக்குப் போகும் என்று ஒரு வரிகூட இல்லை. ஆடிட்டர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை வச்சு 12ஏ போட்டா திருப்பி அனுப்பிருவாங்க சார்" என்றார். 12ஏ என்பது அறக்கட்டளைக்கு வருமான வரி விலக்குத் தரும் பதிவு, 80ஜி நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை தரும் பதிவு. இரண்டும் இல்லாமல் கம்பெனி எங்களிடம் பணம் தர முடியாது. நல்லவேளை, அறங்காவலர்கள் கூடிப் பத்திரத்தைத் திருத்தலாம் என்று ஒரு ஷரத்து இருந்தது. அது இல்லையென்றால் கோர்ட் வாசலில் நின்றிருப்போம். புதிதாக அறக்கட்டளை தொடங்குகிறவர்கள் இந்த மூன்றையும் முதல் நாளே எழுதிவிடுங்கள்: விரிவான கல்வி நோக்கம், திருத்தும் அதிகாரம், கலைப்பு விதி.

திருத்தப் பத்திரம் பதிய எல்லா அறங்காவலர்களும் வர வேண்டும். திருப்பூரில் இருப்பவர் கடையை மூடிவிட்டு இரவு பஸ் பிடித்து மதுரையில் வந்து இறங்கினார். பதிவு அலுவலகத்தில் "சர்வர் வேலை செய்யல, நாளைக்கு வாங்க" என்றார்கள். சரி, மறுபடியும் எல்லோரையும் திரட்டிக்கொண்டு போனால், காலமான ஓர் அறங்காவலரின் இறப்புச் சான்று எங்கே என்று கேட்டார் எழுத்தர். பழைய பத்திரம் முதல் நாளிலிருந்தே அவர் மேசையில்தான் கிடந்தது. அன்றைக்கே கேட்டிருக்கலாம். கேட்டால், "நீங்க சொல்லலையே" என்றார். திருப்பூர்க்காரர் கோபத்தில் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தார். அவரைச் சமாதானப்படுத்துவதும் செயலாளர் வேலைதான் போல.

12ஏ, 80ஜி விண்ணப்பம் ஆடிட்டர் பொறுப்பு. புதிதாகத் தொடங்கியவர்களுக்கு ஒரு படிவம், ஏற்கெனவே செயல்படுகிறவர்களுக்கு வேறொன்று. எது உங்களுடையது என்று அவரே முடிவு செய்யட்டும். அதற்குப் பிறகு சி.எஸ்.ஆர்.-1 படிவம்; சி.எஸ்.ஆர். பணம் வாங்கிச் செய்யும் அமைப்புகள் மத்திய அரசிடம் பதிவதற்கானது. 2021 ஏப்ரல் 1 முதல் அது கட்டாயம். டிஜிட்டல் கையொப்பம் தயாராக இருந்ததால் எண் வந்துவிட்டது. இதே மாதிரி வேலையில் மூன்று வருட அனுபவம் உண்டா என்று கம்பெனி கேட்டபோதுதான் எங்கள் மினிட்ஸ் புத்தகம் கை கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை அறிவியல் வகுப்புகளைத் தேதி போட்டு எழுதி, போட்டோ ஒட்டி வைத்திருந்தார் தலைவர். அப்போது நாங்கள் அவரைக் கிண்டல் செய்திருக்கிறோம்.

இடையில் ஒரு மனக்கசப்பு. எங்களோடு படித்தவர் ஒருவர் அமெரிக்காவில் இருக்கிறார், தன் பங்காக ஒரு தொகை அனுப்புகிறேன் என்றார். அவர் இப்போது அமெரிக்கக் குடிமகன். எஃப்.சி.ஆர்.ஏ. எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு இல்லாத அறக்கட்டளை அந்தப் பணத்தைத் தொடக்கூடாது. துபாயில் இருக்கும் இன்னொரு நண்பர் இந்திய பாஸ்போர்ட்டே வைத்திருக்கிறார். அவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. இதை விளக்கினால், "அவன் காசு செல்லும், என் காசு செல்லாதா?" என்று அமெரிக்காக்காரர் கோபித்துக்கொண்டார். ஊரில் இருக்கும் தம்பி கணக்கு வழியாக அனுப்பட்டுமா என்றும் கேட்டார். கூடாது. அந்த வழிக்கு மட்டும் போய்விடாதீர்கள். சிக்கினால் அறக்கட்டளையே போய்விடும். அவர் இன்னும் சரியாகப் பேசுவதில்லை.

அடுத்தது, என்ன வாங்குவது என்ற சண்டை. கம்பெனியில் சி.எஸ்.ஆர். மேலாளரோடு, ஊழியர்களில் விருப்பப்பட்டவர்கள் சேர்ந்த ஒரு குழுவும் இருக்கிறது. வந்த விண்ணப்பங்களைப் பார்த்து எதற்குப் பணம் தரலாம் என்று பரிந்துரைப்பது அந்தக் குழு. அவர்களும் எங்களைப் போல வேலை போக மிச்ச நேரத்தில் செய்கிறவர்கள்தான். அவர்களுடைய ஆசை ரோபோட்டிக்ஸ், முப்பரிமாண பிரிண்டர். எங்கள் வேதியியல் ஆசிரியை கொடுத்த பட்டியலில் இருந்தது சிங்க்குக்குத் தண்ணீர்க் குழாய், பியூரெட், பிப்பெட், எக்ஸாஸ்ட் ஃபேன், புது வயரிங், ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டர். "இதுல புதுசா என்ன சார் இருக்கு?" என்றார் மேலாளர். போட்டோவுக்கு நன்றாக இருக்காது என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

வாயால் சொல்லிப் பிரயோசனமில்லை என்று குழுவைப் பள்ளிக்கே கூட்டி வந்தோம். குழுவில் ஒரு பெண் பொறியாளர் சிங்க் குழாயைத் திறந்து பார்த்தார், சொட்டுத் தண்ணீர் வரவில்லை. மீட்டர் பிரிட்ஜில் கம்பி அறுந்து தொங்கியது. டைட்ரேஷன் எப்படிச் செய்வீர்கள் என்று பிளஸ் டூ பிள்ளைகளிடம் கேட்டார். "ஒருத்தர் செய்வாங்க, நாங்க சுத்தி நின்னு பாப்போம் மேடம்" என்றது ஒரு பெண். செய்முறைக்கு, உள்மதிப்பீட்டையும் சேர்த்து, 30 மதிப்பெண். அந்தப் பெண் அதைப் பார்த்தே வாங்க வேண்டும். அதற்கு மேல் நாங்கள் பேச வேண்டிய அவசியமே வரவில்லை. விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுக் கூப்பிடாதீர்கள், முதலில் குழுவைக் கூட்டி வந்து காட்டிவிட்டு அப்புறம் எழுதுங்கள். கடைசியில் பெரும்பகுதி அடிப்படை ஆய்வகத்துக்கு, மிச்சம் ஆர்டுயினோ எனும் சின்ன மின்னணுப் பலகைகளும் சென்சார்களும் என்று முடிவானது. பிரிண்டர் பட்டியலிலிருந்து போயே போய்விட்டது.

ஆய்வக உதவியாளர் சம்பளத்தில் மறுபடி முட்டிக்கொண்டது. நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றார் மேலாளர். அந்த வரம்பு கம்பெனியின் சொந்த நிர்வாகச் செலவுக்கு, திட்டத்தை நடத்த நேரடியாக ஆகும் செலவுக்கு இல்லை என்று ஆடிட்டர் விதியை எடுத்துக் காட்டினார். தலைவர் தன் பங்குக்கு, பள்ளிகளில் மாணவர்கள் கருவிகள் செய்து பழகும் அடல் டிங்கரிங் லேப்புக்கு மத்திய அரசு தரும் 20 லட்சத்தில் பாதி நடத்தும் செலவுக்கென்றே ஒதுக்கியிருப்பதைச் சொன்னார். அரை மனதோடு ஒரு வருடச் சம்பளத்துக்கு ஒத்துக்கொண்டார்கள்.

பள்ளியில் வேலை செய்ய அனுமதி வாங்கிய அலுவலகத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம், தலைமையாசிரியர் கடிதம் எல்லாம் வைத்துக் கொடுத்தோம். தீர்மானத்தில் தொகை இல்லை என்று திருப்பினார்கள். தொகையோடு கொடுத்தால், குழாயும் வயரிங்கும் கட்டட வேலை, பொதுப்பணித் துறை கருத்து வேண்டும் என்றார்கள். அதுவும் வந்த பிறகு ஃபைலையே காணோம். எங்கள் நகலில் சீல் போட்டு வரவு எண் வாங்கி வைத்திருந்தோம். அதைக் காட்டியதும் வேறொரு பிரிவு பீரோவுக்குள்ளிருந்து வெளியே வந்தது. அந்த எழுத்தர் லீவில் போன வாரத்தில் பக்கத்து மேசைப் பெண் அனுமதிக் கடிதத்தை டைப் அடித்துக் கையெழுத்துக்கு வைத்துவிட்டார். அவருக்கு நன்றி. வரவு எண் வாங்காமல் எந்த அலுவலகத்திலும் காகிதத்தைக் கொடுக்காதீர்கள்.

பணமாகக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள நினைப்பவர்களுக்கு 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் வழி சுலபம். எங்கள் கம்பெனிக்கு ஊரில் நின்று பார்க்க ஆள் வேண்டியிருந்தது.

இத்தனையும் முடிவதற்குள் மார்ச் வந்துவிட்டது. முழுப் பணத்தையும் இந்த வாரமே போடுகிறோம், 31-க்குள் பில்லெல்லாம் வேண்டும் என்று போன். எங்கள் கணக்கில் பணம் விழுந்தால் மட்டும் கம்பெனிக்கு அது செலவாகாது, நாங்கள் செலவழித்தால்தான் கணக்கு. இயற்பியல் கருவிகள் ஹரியானாவின் அம்பாலாவிலிருந்து வர வேண்டும். பள்ளியிலோ பொதுத்தேர்வு, சுவரில் துளைகூடப் போட முடியாது. கடைக்காரர் ஒருவர், "பில்லை இப்பவே போட்டுத் தர்றேன், சாமான் மெதுவா வரட்டும்ணே" என்றார். "வராத சாமானுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று பொருளாளர் எழுந்தே விட்டார். கணக்கில் அவர் அப்படித்தான், உரக்கடையில் கடன் நோட்டே கிடையாது.

வழி சட்டத்திலேயே இருந்தது. மார்ச் 31-க்குள் கம்பெனியின் போர்டு இதைத் 'தொடர் திட்டம்' என்று தீர்மானித்துவிட்டால், மிச்சப் பணத்தை 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றி, அடுத்த மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவழிக்கலாம். மேலாளருக்கு முதலில் விருப்பமில்லை. அந்தப் பெண் பொறியாளர்தான் உள்ளே பேசி முடித்தார். மார்ச்சில் மதுரையிலேயே கிடைக்கும் கண்ணாடிச் சாமானுக்கும் ரசாயனத்துக்கும் மட்டும் பணம் வாங்கினோம். மிச்சம் கோடை விடுமுறையில்.

சாமான் வந்ததும் ஒவ்வொரு பியூரெட்டிலும் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எங்களுக்கு வந்ததில் பல திருகில் ஒழுகின, மாற்றித் தந்தார்கள். எல்லாவற்றையும் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, தலைமையாசிரியர் கையெழுத்தோடு ஒப்படைப்புக் கடிதம் வாங்கிவிடுங்கள். சி.எஸ்.ஆர். பணத்தில் வாங்கிய கருவி யார் பெயரில் இருக்கிறது என்று பின்னால் கேட்பார்கள். பயன்பாட்டுச் சான்றோடு அதன் நகலையும் கொடுத்தோம், கேள்வி வரவில்லை. வருமான வரித் துறையில் நன்கொடை விவரம் தாக்கல் செய்ய மே 31 கடைசி; தாமதித்தால் நாளுக்கு 200 ரூபாய்.

உதவியாளருக்கு அடுத்த வருடச் சம்பளம் இன்னும் முடிவாகவில்லை. கப்பலூர்ப் பக்கம் வேறொரு கம்பெனியில் கேட்கலாம் என்று இருக்கிறோம். மார்ச்சில் அவர்களாகக் கூப்பிடும்வரை காத்திருக்கப் போவதில்லை. தீபாவளி முடிந்த கையோடு தீர்மான நகலும் பதிவேட்டு நகலுமாகப் போய் நிற்பது என்று கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது. தொகையைத் தீர்மானத்தில் எழுதியாயிற்று.