நாக் டிப்பா: பனி, கொள்ளுப் பருப்பு, ஒரு டாக்ஸிக்காரர்

நாக் டிப்பா மலை ஏறிவிட்டு நேற்று ராத்திரி பத்து மணிக்குத்தான் கடலூர் வந்து இறங்கினேன். முழங்கால் இன்னும் வலிக்கிறது. ஆனாலும் அந்த டேராடூன் டாக்ஸிக்காரர் மேல் இருக்கும் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

வியாழக்கிழமை சாயங்காலம் நாலு பேரும் சில்வர் பீச்சில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "மச்சான், திங்கள் குடியரசு தின லீவு, போய்ப் பனியைப் பார்த்துட்டு வந்துடலாமா?" என்று ஒருவன் கேட்டான். எங்கள் ஊரில் மலை என்றால் கேப்பர் மலைதான், பனி என்றால் மார்கழியில் காதுக்குத் துண்டு கட்டுவதுதான். அரை மணி நேரத்தில் டிக்கெட் போட்டுவிட்டோம். சென்னை டு டெல்லி ஆளுக்கு 7,900 ரூபாய், திரும்பி வர அதைவிட அதிகம். பட்ஜெட் அங்கேயே பாதி காலி.

நாக் டிப்பா உத்தராகண்டில், முசூரிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. உயரம் 3,022 மீட்டர். பந்த்வாரி என்ற கிராமத்திலிருந்து ஏறி ஒரு ராத்திரி தங்கி இறங்கிவிடலாம் என்பதால்தான் இதைத் தேர்ந்தெடுத்தோம், அதே மாநிலத்தில் இருக்கும் கேதார்கண்டா மலைக்கெல்லாம் மூன்று நாள் போதாது.

டெல்லியிலிருந்து ராத்திரி பஸ், விடிந்தால் டேராடூன். பந்த்வாரிக்கு 3,500 ரூபாய் என்று பேசித்தான் டாக்ஸியில் ஏறினோம். முசூரி தாண்டி, கெம்ப்டி அருவியும் தாண்டி, யமுனைப் பாலத்துக்கு இறங்கும் வழியில் மனுஷன் வண்டியை ஓரங்கட்டி, மேலே ரோட்டில் பனி, இன்னும் 1,500 கொடுத்தால்தான் போவேன் என்றார். நடுக்காட்டில் என்ன செய்வது, கொடுத்தோம். பந்த்வாரி வரை ரோட்டில் ஒரு பொட்டுப் பனி இல்லை! பேசிய கூலியைப் பாதி வழியில் மாற்றுவது பச்சை அநியாயம். நீங்கள் போனால் தொகையை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொண்டு ஏறுங்கள், பாதிக்கு மேல் முன்பணம் தராதீர்கள்.

ஆனால் அந்தக் கோபத்தையெல்லாம் பந்த்வாரியில் ஒரு வீட்டுச் சாப்பாடு கரைத்துவிட்டது. அடுப்படியில் உட்காரவைத்து ஓர் அம்மா கறுப்பாக ஒரு ரொட்டி சுட்டுப் போட்டார். "மண்டுவா" என்றார். வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது, நம்ம கேழ்வரகு! மேலே ஒரு கரண்டி நெய், பக்கத்தில் "கஹத்" பருப்பு. அது நம்ம கொள்ளு. குளிருக்கு உடம்பில் சூடு ஏற்றும் என்று அவர் சைகையில் சொன்னார், என் ஆயாவும் மழைக்காலத்தில் கொள்ளு ரசம் வைத்துவிட்டு அதையேதான் சொல்லும். ஆளுக்கு ஐந்து ரொட்டி சாப்பிட்டோம். நாலு பேருக்கும் சேர்த்து 480 ரூபாய்தான் வாங்கினார். அந்த டாக்ஸிக்காரரைக் கூட்டிவந்து இந்த அம்மாவைக் காட்ட வேண்டும்.

ஏற்றத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, மூச்சு வாங்கியது, உட்கார்ந்தோம், ஏறினோம். ஓக் மரங்களுக்கு நடுவே புரான்ஸ் மரங்கள், நீலகிரியில் காட்டுப்பூவரசு என்கிறார்களே அதேதான், இன்னும் பூக்கவில்லை. அந்தக் காட்டு நிழலில்தான் முதல் பனி. ஒருவன் குனிந்து கையில் அள்ளி, ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

கூடாரத்தில் ராத்திரி தூக்கமே இல்லை. தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைக்கச் சொன்னார் வழிகாட்டி, மேலிருந்துதான் உறையுமாம், மூடிப் பக்கம் தப்பிக்கும். தப்பித்தது. ஜீன்ஸ் போட்டு ஏறியவனுக்கு முழங்கால் வரை நனைந்து காயவே இல்லை, அதனால் ஜீன்ஸும் பருத்தி சாக்ஸும் வேண்டவே வேண்டாம். ஷூவில் மாட்டும் இரும்பு முள் கீழேயே வாடகைக்குக் கிடைக்கிறது, 200 ரூபாயைப் பார்க்காதீர்கள். அது இல்லாமல் கடைசி ஏற்றம் எங்களால் முடிந்திருக்காது.

காலை நாலரைக்குக் கிளம்பி, முழங்கால் புதையும் பனியில் உச்சிக்குப் போய்ச் சேரவும் வெயில் விழவும் சரியாக இருந்தது. எதிரே பந்தர்பூஞ்ச், 6,316 மீட்டர், முதலில் ரோஜா நிறம், அப்புறம் தங்கம், அப்புறம் கண் கூசும் வெள்ளை. கடல் மட்டத்திலேயே பிறந்து வளர்ந்த நாலு பேருக்கும் கண்ணில் தண்ணீர். நான் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன், சிக்னல் இல்லை.

ஆளுக்கு மொத்தம் 24,000 ரூபாய் கிட்ட ஆகிவிட்டது. ஒரு மாதம் முன்னாடி டிக்கெட் எடுத்திருந்தால் நிறைய மிஞ்சியிருக்கும். இறங்கும்போது அந்த அம்மா வீட்டில் ஒரு கிலோ கொள்ளு வாங்கி வந்திருக்கிறேன், ஆயா இப்போது அதைத்தான் முறத்தில் புடைத்துக்கொண்டிருக்கிறது.